பூஜ்யத்தின் மகிமை

நம்முடைய பேச்சிலே 'பூஜ்யம்' என்ற சொல் ஒரு விசித்திரமான இரட்டை வாழ்க்கை வாழ்ந்து வருகிறது. பரீட்சையில் பையன் வாங்கி வந்தால் அது வெட்கத்துக்குரிய வட்டம். பெரியவர்களின் பெயருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாலோ வணக்கத்துக்குரிய அடைமொழி. ஒன்றுமில்லாமைக்கும் உயர்வுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருப்பதில் ஏதோ ஆழ்ந்த கருத்து இருக்கத்தான் வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம் உண்டு. பண்டிதர்களும் கணித சாஸ்திரிகளும் தீர்த்து வைக்காத அந்தச் சந்தேகத்தைக் கடைசியில் தீர்த்து வைத்தவர்கள் அமெரிக்க தேசத்துப் பேஸ்பால் ரசிகர்கள் என்றால் வாசகர்கள் ஆச்சரியப்படக் கூடும்.

பிரதி வருஷமும் மார்ச்சு மாதக் கடைசியிலோ ஏப்ரல் மாதத் தொடக்கத்திலோ, குளிர் இன்னும் முற்றிலும் விலகாத ஒரு காலை வேளையில், அந்நாட்டுப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பகுதியில் ஓர் அட்டவணை வெளியாகிறது. 30 குழுக்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வெற்றி பூஜ்யம், தோல்வி பூஜ்யம் என்று இரண்டே வட்டங்கள் இருக்கும். சென்ற வருஷம் மகுடம் சூடியவர்களும், 100 ஆட்டங்களுக்கு மேல் தோற்றுத் தலைகுனிந்தவர்களும் அந்த ஒரு நாள் மாத்திரம் ஒரே பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். புதுக்கணக்குப் போடும் நாளில் நம்மூர் வியாபாரி ஏட்டின் ஓரங்களில் மஞ்சளைத் தடவி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியைப் போட்டு நிறுத்திக்கொள்கிறாரே, அந்தப் பக்கத்தின் மேல் பழைய பாக்கிகளின் நிழல் விழுவதில்லை அல்லவா? இந்த அட்டவணையும் அப்படிப்பட்டதுதான். 'இந்த வருஷம் நம்முடையது' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளும் உரிமையை அது எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டு விடுகிறது. அந்த உரிமையை மிக நீண்ட காலம், மிகுந்த விடாப்பிடியுடன், அநேகமாக ஒரு பிரயோஜனமும் இல்லாமலே அநுபவித்து வந்தவர்கள் சிகாகோ நகரத்துக் கப்ஸ் குழுவின் ரசிகர்கள். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவர்களைப் பற்றியது.

கிரிக்கெட்டிலே ஊறிப்போன நமக்குப் பேஸ்பால் ஒரு தூரத்து உறவு. பந்தெறிகிறவர் ஒருவர், உருண்டையான தடியால் அதை அடிக்கிறவர் ஒருவர், அடித்தவுடன் ஓட்டம் என்ற அளவில் சாயல் ஒன்றுதான். ஆனால் இரண்டு முனைகளுக்கு நடுவே போய்ப் போய் வருவதற்குப் பதிலாக, சதுரமாக அமைந்த நான்கு 'பேஸ்'களையும் சுற்றிக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே க்ஷேமமாகத் திரும்பி வந்து சேர்ந்தால்தான் இங்கே ஒரு ரன். ஒரு குழுவுக்கு ஆடுகிறவர்கள் 9 பேர். ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ். ஓர் இன்னிங்ஸில் 3 பேர் ஆட்டமிழந்தால் அந்தக் குழுவின் முறை முடிந்தது. பந்து தரையைத் தொடாமலே வேலியைத் தாண்டிப் போய்விட்டால் அதற்கு ஹோம் ரன் என்று பெயர். அடித்தவர் சாவகாசமாக நான்கு பேஸையும் சுற்றி வரலாம். இத்தகைய ஆட்டங்களை ஒவ்வொரு குழுவும் ஒரு பருவத்தில் 162 முறை ஆடுகிறது. செப்டம்பர் மாதக் கடைசி வரையில் ஏறக்குறைய ஆறு மாதம், ஓய்வு நாட்கள் மிகச் சிலவாக, தினந்தோறும் வேலைக்குப் போவது போல ஆடிக்கொண்டிருக்க வேண்டும். அதன் பிறகே, முன்னணியில் நின்ற குழுக்கள் தமக்குள் மோதி, கடைசியில் இரண்டு குழுக்கள் 'உலகத் தொடர்' என்ற இறுதிப் போட்டியில் சந்திக்கும். அந்தத் தொடரில் 7 ஆட்டங்களில் முதலில் 4 ஜெயித்தவர்களுக்கே மகுடம்.

இந்த விளையாட்டின் ஆதாரசுருதி தோல்வி என்று சொன்னால் அது மிகையாகாது. பத்துத் தடவை தடியெடுத்து மூன்று தடவை பந்தை நல்ல இடத்தில் அடித்துப் பேஸை அடைந்தவர் சிறந்த ஆட்டக்காரர் என்று கொண்டாடப்படுகிறார். ஏழு தடவை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பியதை யாரும் குற்றமாகப் பாராட்டுவதில்லை. 1941-இல் பாஸ்டனைச் சேர்ந்த டெட் வில்லியம்ஸ் அந்தப் பத்துக்கு மூன்றை நான்குக்குச் சற்றே மேலாக உயர்த்தியதை இன்றைக்கும் புராணம் போலச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். குழுக்களின் கதையும் இப்படியேதான். 2001-இல் சியாட்டில் குழு 116 ஆட்டங்கள் ஜெயித்தது. அதைவிட அதிகமாக ஒரு பருவத்தில் யாருமே ஜெயித்தது கிடையாது. அந்த அதிசயக் குழுவும் 46 முறை தோற்றது, உலகத் தொடரின் வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை. 2024-இல் சிகாகோவின் இன்னொரு குழுவாகிய ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டங்கள் தோற்று, இந்த நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டிலும் இல்லாத அவமானத்தைச் சம்பாதித்துக்கொண்டது. அதுவுங்கூட 41 நாட்கள் ஜெயித்து வீடு திரும்பியது. ஆகவே மகா வீரர்களின் ரசிகனுக்கும் வருஷத்தில் நாற்பது ராத்திரிக்குக் குறையாத துக்கம் உண்டு. கடைசிக் குழுவின் ரசிகனுக்கும் நாற்பது ராத்திரிக்குக் குறையாத இனிய தூக்கம் உண்டு.

இந்தச் சுகதுக்கங்களை எல்லாம் ரசிகர்கள் வெறுமனே மனத்தில் வைத்துக்கொள்வதில்லை. பென்சிலும் கையுமாக எழுதியும் வைத்துக்கொள்கிறார்கள். ஆட்டம் பார்க்கப் போகும் குழந்தைக்குத் தகப்பனாரோ பாட்டியோ கற்றுக் கொடுக்கும் முதல் வித்தை இந்த எழுத்து வித்தைதான். கட்டம் போட்ட தாள் ஒன்று; மைதானத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள். பந்தெறிகிறவர் 1, அவருக்கு எதிரே குந்தியிருந்து பிடிக்கிற கேட்சர் 2, முதல் பேஸைக் காப்பவர் 3, மூன்றாம் பேஸைக் காப்பவர் 5 என்று அது போகும். மூன்றாம் பேஸ்காரர் தரையில் உருண்டு வந்த பந்தைப் பொறுக்கி முதல் பேஸுக்கு எறிந்து ஓடி வந்தவரை வெளியேற்றினால், கட்டத்தில் 5-3 என்று எழுத வேண்டும். அடிக்க முயன்று மூன்று பந்துகளைத் தவறவிட்டு ஒருவர் வெளியேறினால் 'கே' என்ற ஆங்கில எழுத்து. கடைசிப் பந்துக்குத் தடியை ஆட்டாமல் பார்த்துக்கொண்டே நின்று வெளியேறினால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். இந்தச் சங்கேதங்களைத் தெரிந்துகொண்டவன் முப்பது வருஷத்துக்கு முந்திய தாளை எடுத்து வைத்துக்கொண்டு அன்றைய ஆட்டத்தைப் பந்து பந்தாக மீண்டும் கண்முன் நிறுத்திக்கொள்வான். கையெழுத்து மாத்திரம் தாத்தாவினுடையதாக இருக்கும்.

புதுக்கணக்குக்கு முந்திய நாட்களிலும் ஒரு சுகம் உண்டு. பிப்ரவரி மாத நடுவில், சிகாகோவின் தெருக்களில் பனி முழங்காலளவு கிடக்க, மிச்சிகன் ஏரியிலிருந்து வரும் காற்று காதைச் சீவிக்கொண்டு போகும் சமயத்தில், தெற்கேயுள்ள வெப்பப் பிரதேசங்களிலிருந்து ஒரு சிறு செய்தி வரும்: பந்தெறிகிறவர்களும் கேட்சர்களும் பயிற்சிக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். 15 குழுக்கள் அரிசோனா மாநிலத்துக்கும், 15 குழுக்கள் புளோரிடா மாநிலத்துக்கும் போய் ஒன்றரை மாத காலம் கைகால்களைத் தளர்த்திக்கொள்வது வழக்கம். கப்ஸ் குழு தங்குவது அரிசோனாவில் உள்ள மேசா என்ற ஊரில். அங்கிருந்து வரும் செய்திகளில் ஒரு துர்ச்செய்தியும் இராது. போன வருஷம் தோள்வலியால் படுத்தவர் எழுந்துவிட்டார். உடல் பருத்துவிட்டவர் இளைத்துவிட்டார். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் பந்தைக் கண்காணாத தூரத்துக்கு அடிக்கிறானாம். இவை எல்லாம் எவ்வளவு தூரம் நிஜம் என்று ரசிகனுக்குத் தெரியும். ஆனாலும் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டும்போது வெயிலைப் பற்றிய வதந்திக்கு மனிதன் காதைக் கொடுக்காமல் இருக்க முடியுமா?

தொடக்க நாள் என்பது அந்நாட்டில் பஞ்சாங்கத்தில் இல்லாத பண்டிகை. சின்சின்னாட்டி நகரத்தில் அன்று ஊர்வலமே நடக்கிறது; 1869-இல், சம்பளம் பெற்று ஆடுவதை ஒளிவு மறைவில்லாமல் ஒப்புக்கொண்ட முதல் குழுவைப் படைத்த ஊர் அது. 1910-ஆம் வருஷத்தில் ஜனாதிபதி டாஃப்ட் வாஷிங்டனில் முதல் பந்தை எறிந்து பருவத்தைத் தொடங்கி வைத்தார். பின்னால் வந்த ஜனாதிபதிகள் பலரும் அந்தச் சம்பிரதாயத்தைப் பின்பற்றினார்கள். பள்ளிக்கூடத்துப் பையனுக்கு அன்றைக்குத்தான் வயிற்றுவலி வரும். காரியாலயத்துக் குமாஸ்தாவுக்கு அன்றைக்குத்தான் எப்போதோ காலமாகிவிட்ட பாட்டி மறுபடியும் காலமாவாள். மேலதிகாரி இதை ஆட்சேபிக்க மாட்டார். ஏனென்றால் அவரும் அன்று மைதானத்தில்தான் இருப்பார்.

கப்ஸ் குழுவின் மைதானமாகிய ரிக்லி ஃபீல்டு 1914-இல் கட்டப்பட்டது. வீடுகளுக்கு மத்தியில், அண்டைவீட்டு மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் ஆட்டம் தெரியும்படியாக, ஒரு குடியிருப்புப் பகுதியின் நடுவே அது அமர்ந்திருக்கிறது. மற்ற மைதானங்களில் எல்லாம் இரவைப் பகலாக்கிக்கொண்டு ஆடிய காலத்தில், இங்கே சூரியனை நம்பியே ஆடினார்கள். 1988-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில்தான் முதன்முதலாக மின்விளக்கு எரிந்தது. எல்லைச் சுவர் செங்கல்லால் ஆனது. 1937-இல் அதன் மேல் படர விட்ட கொடி கோடைகாலத்தில் சுவரையே மறைத்துப் பச்சைத் திரையாகத் தொங்கும். பந்து பறந்து வந்து இலைகளுக்குள் சிக்கிக்கொண்டால், பின்னால் துரத்தி வந்த ஆட்டக்காரர் அதைத் தேடித் துழாவாமல் இரண்டு கைகளையும் மேலே தூக்கி நிற்க வேண்டும். அம்பயர் அதைக் கண்டு, அடித்தவரை இரண்டாம் பேஸோடு நிறுத்திவிடுவார். ஆனால் தொடக்க நாளில் போய்ப் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பச்சையின் அடையாளமே கிடைக்காது. சுவர் முழுவதும் பழுப்பு நிறத்தில் காய்ந்த நரம்புகள் பின்னிக் கிடக்கும். பந்து பட்டால் செங்கல்லின் சத்தம் கேட்கும். மே மாதம் வந்த பிறகே துளிர்கள் எட்டிப் பார்க்கும்.

அதே 1937-இல் அமைத்த ஸ்கோர் பலகை இன்றும் அங்கே இருக்கிறது. யந்திரம் எதுவும் எண்களை மாற்றுவதில்லை; பலகைக்குள்ளே மனிதர்கள் உட்கார்ந்து, எண் எழுதிய தகடுகளைக் கையால் எடுத்துத் துவாரங்களில் மாட்டுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் பலகையின் உச்சிக் கம்பத்தில் ஒரு கொடி ஏறும். ஜெயித்தால் வெள்ளைத் துணியில் நீல எழுத்து, தோற்றால் நீலத் துணியில் வெள்ளை எழுத்து. மைதானத்தை ஒட்டி, தூண்களின் மேல் ஓடும் ரயிலில் வேலை முடிந்து திரும்புகிறவர்கள், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமலே, ஜன்னல் வழியாக அந்தத் துணியின் நிறத்தைப் பார்த்து அன்றிரவுச் சாப்பாட்டின் ருசியை நிச்சயித்துக்கொள்ளலாம். நீலத் துணியே அதிகம் பறந்த வருஷங்கள் அநேகம்.

இத்தனைக்கும் இந்தக் குழு ஏழைக் குலத்தில் பிறந்தது அன்று. 1876-இல் நேஷனல் லீக் என்ற பழம்பெரும் அமைப்பு தோன்றியபோதே அதில் அங்கம் வகித்தது சிகாகோ. 1906-இல் அந்தக் குழு 116 ஆட்டங்கள் ஜெயித்தது; சியாட்டில் பிற்காலத்தில் எட்டிப் பிடித்த எண் அதுதான். 1907-இலும் 1908-இலும் உலகத் தொடரை வென்றது. 1908-இல் கைகொட்டி ஆரவாரித்த சிகாகோவாசி ஒருவனிடம், 'இந்தக் காட்சியை நீயும் உன் பிள்ளையும் உயிரோடிருக்கும் வரை மறுபடியும் பார்க்கப் போவதில்லை' என்று ஒரு ஜோசியன் சொல்லியிருந்தால், ஜோசியனுக்கு அடி விழுந்திருக்கும். அதன் பிறகு 1910, 1918, 1929, 1932, 1935, 1938, 1945 என்று ஏழு தடவை உலகத் தொடர் வரையில் போய், ஏழு தடவையும் தோற்றுத் திரும்பினார்கள்.

அந்த ஏழாவது தடவையில்தான் சாபக்கதை பிறக்கிறது. பில்லி சியானிஸ் என்ற மதுக்கடைக்காரர் 1945-ஆம் வருஷத் தொடரின் நான்காவது ஆட்டத்துக்குத் தம்முடைய ஆட்டையும் கூட்டிக்கொண்டு வந்தாராம். ஆட்டின் வாடை பொறுக்காமல் இருவரையும் வெளியே அனுப்பினார்களாம். அவமானம் தாங்காத அவர், இந்தக் குழு இனி உருப்படாது என்று சபித்துவிட்டுப் போனாராம். கதையை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் ஒன்றை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்: அடுத்த எழுபது வருஷங்களுக்கு மேலாகக் கப்ஸ் குழு உலகத் தொடரின் பக்கமே தலைகாட்டவில்லை. 1969-இல் ஆகஸ்டு மாத நடுவரையில் தங்கள் பிரிவில் வெகுதூரம் முன்னால் நின்றார்கள். செப்டம்பரில் நியூயார்க் மெட்ஸ் குழு அவர்களைத் தாண்டிப் போய், கடைசியில் மகுடத்தையும் சூடிக்கொண்டது. அந்த மெட்ஸ் யார் என்றால், ஏழே வருஷத்துக்கு முன் பிறந்து, பிறந்த வருஷத்திலேயே 120 ஆட்டங்கள் தோற்று ஊர் சிரிக்க நின்றவர்கள். 1984-இல் உலகத் தொடருக்கு முந்திய போட்டியில், மூன்று வெற்றி போதும் என்ற நிலையில், கப்ஸ் முதல் இரண்டையும் சொந்த மண்ணில் ஜெயித்துவிட்டு, சான் டியேகோவுக்குப் போய் மூன்றையும் கோட்டைவிட்டார்கள்.

இந்த வறட்சிக் காலத்தின் ஞானி எர்னி பேங்க்ஸ். 1953-இல் கப்ஸ் குழுவுக்காகக் களமிறங்கி ஆடிய முதல் கறுப்பின வீரர் அவர். 512 ஹோம் ரன் அடித்தவர். 1958, 1959 ஆகிய இரண்டு வருஷங்களிலும் லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றவர். 2,528 ஆட்டங்கள் ஆடிய அவருக்குப் பருவத்துக்குப் பிந்திய போட்டியில் ஒரே ஓர் ஆட்டம் ஆடும் பாக்கியங்கூடக் கிட்டவில்லை. அப்படிப்பட்டவர் கசந்து போயிருந்தால் யார் குறை சொல்லப் போகிறார்கள்? அவரோ பிரதி வசந்தத்திலும் அந்த வருஷத்து எண்ணுக்கு இயைபு பொருந்தும்படி ஒரு வாசகத்தைக் கட்டி, வெற்றி நமதே என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வெயில் நன்றாக அடித்தால், இவ்வளவு அழகான நாளில் ஓர் ஆட்டம் போதாது, இரண்டு ஆடலாம் என்பது அவர் வழக்கமான பேச்சு. ஜெயிக்கிற நம்பிக்கை ஒன்று, ஆடுகிற ஆனந்தம் ஒன்று என்று இரண்டு வேறு வேறு வஸ்துக்கள் இருக்கின்றன என்பதை அவர் ஊருக்குக் கற்றுக் கொடுத்தார்.

தொடக்க நாள் எவ்வளவு தூரம் மனிதனை மயக்கக் கூடியது என்பதற்கு 1994 ஏப்ரல் 4-ஆம் தேதியைப் போல ஓர் உதாரணம் கிடைப்பது அரிது. டஃபி ரோட்ஸ் என்ற, அவ்வளவாகப் பெயர் தெரியாத ஓர் இளைஞர், அன்று ரிக்லி மைதானத்தில், மெட்ஸ் குழுவின் புகழ்பெற்ற பந்தெறி வீரரான டுவைட் கூடன் எறிந்த பந்துகளில் மூன்று ஹோம் ரன் அடித்தார். சுவரில் ஓர் இலையும் இல்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொருவர் மனத்திலும் காடே துளிர்த்துவிட்டது. நடந்தது என்ன? அந்த ஆட்டத்தையே கப்ஸ் 12-8 என்று தோற்றார்கள். ரோட்ஸ் அந்தப் பருவம் முழுவதற்குமாக அடித்த ஹோம் ரன்கள் எட்டு. ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை. பின்பு ஜப்பானுக்குப் போன அவர் 2001-இல் ஒரே பருவத்தில் 55 ஹோம் ரன் அடித்து, அந்நாட்டின் மகாவீரர் சதஹாரு ஓ பல வருஷங்களாக வைத்திருந்த எண்ணைத் தொட்டார். அன்றைய மைதானத்தில் எழுந்து நின்று கூவியவர்கள் ஆளைச் சரியாகத்தான் எடை போட்டார்கள். காலத்திலும் தேசத்திலுமே பிசகிவிட்டார்கள். 1997-இல் இந்த மயக்கத்துக்குக்கூட இடமில்லாமல் போயிற்று. அந்த வருஷத்தின் முதல் 14 ஆட்டங்களையும் கப்ஸ் தோற்றார்கள். ஏப்ரல் மாதம் முடிவதற்கு முன்பே புதுக்கணக்கு திவாலாகிவிட்டது.

மிகக் கொடிய இரவு 2003 அக்டோபர் 14. உலகத் தொடருக்குள் நுழைய இன்னும் ஐந்தே பேரை ஆட்டமிழக்கச் செய்தால் போதும். ஸ்கோரோ 3-0 என்று சாதகமாக இருந்தது. அப்போது எல்லைச் சுவரை ஒட்டி விழுந்த ஒரு பந்தை நோக்கிக் கப்ஸ் ஆட்டக்காரர் கையை நீட்ட, முன்வரிசையில் இருந்த ரசிகர்களும் ஆவலால் கையை நீட்ட, ஒருவருடைய கை பந்தைத் தட்டிவிட்டது. அதன் பிறகு எதிரிகள் எட்டு ரன் குவித்தார்கள்; மறுநாள் நடந்த கடைசி ஆட்டமும் கையைவிட்டுப் போயிற்று. பந்தைத் தட்டிய மனிதர் தம் ஊரிலேயே தலைமறைவாக வாழ வேண்டி வந்ததை நினைக்கும்போது, நம்பிக்கை நஞ்சாகும் விதமும் புலப்படுகிறது. அவர் செய்த குற்றம், தம் குழுவின் ஆட்டத்தை மிக அருகிலிருந்து பார்த்தது ஒன்றுதான்.

காத்திருப்பது சிகாகோவுக்கு மாத்திரம் உரிய சொத்தா என்றால், அதுவும் இல்லை. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த டாட்ஜர்ஸ் குழு 1941, 1947, 1949, 1952, 1953 என்று ஐந்து தடவை உலகத் தொடரில் பக்கத்து வீட்டுப் பணக்காரர்களான யாங்கீஸிடமே தோற்றது. அடுத்த வருஷம் வரட்டும், பார்த்துக்கொள்கிறோம் என்ற வார்த்தை அங்கே வாழ்த்துரை போலத் தெருவெங்கும் புழங்கியது. 1955 அக்டோபர் 4-ஆம் தேதி, 23 வயதான ஜானி போட்ரஸ் என்ற இளைஞர் யாங்கீஸை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் பந்தெறிந்து 2-0 என்று ஜெயித்தபோது அந்த அடுத்த வருஷம் ஒருவழியாக வந்து சேர்ந்தது. ஆனால் 1957-ஆம் வருஷப் பருவம் முடிந்ததும், குழு மூட்டையைக் கட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபோய்விட்டது. 1960-இல் பழைய மைதானத்தை இடித்துத் தள்ளினார்கள். தோல்வியைத் தாங்கிய புரூக்ளின்வாசிகளுக்கு இந்தப் பிரிவைத் தாங்க முடியவில்லை. தோற்ற குழுவுக்கு அடுத்த வருஷம் உண்டு. இல்லாத குழுவுக்கு எந்த வருஷம் உண்டு? பாஸ்டன் ரெட் சாக்ஸ் குழுவின் கதை வேறு விதம். 1918-க்குப் பிறகு 1946, 1967, 1975, 1986 என்று நான்கு தடவை உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை இழுத்துக்கொண்டு போய்த் தோற்றவர்கள், 2004-இல் யாங்கீஸிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் பறிகொடுத்து, அதுவரை யாரும் செய்யாத விதமாக அடுத்த நான்கையும் ஜெயித்து, உலகத் தொடரையும் வென்று 86 வருஷத் தவத்தை முடித்தார்கள்.

அந்தப் பாஸ்டன் குழுவின் நிர்வாகியாக இருந்த தியோ எப்ஸ்டைன் 2011-ஆம் வருஷக் கடைசியில் சிகாகோவுக்கு அழைக்கப்பட்டார். அவர் ஆட்டுச் சாபத்துக்குப் பரிகாரம் எதுவும் செய்யவில்லை, கணக்கைப் புரட்டினார். அமெரிக்கப் பேஸ்பாலில் 1965 முதல் ஒரு தர்மநியாயம் இருந்து வருகிறது. பள்ளிகளிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் வரும் இளைஞர்களைக் குழுக்கள் முறை வைத்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும்போது, அதிகம் தோற்றவர்களுக்கே முந்திய முறை. அண்மையில் அதோடு ஒரு சீட்டுக் குலுக்கலையும் சேர்த்திருக்கிறார்கள் என்றாலும் ஏழைக்கு இரங்கும் அடிப்படை மாறவில்லை. எப்ஸ்டைன் பழைய ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக அனுப்பிவிட்டு, இளங்கன்றுகளைச் சேர்க்கத் தொடங்கினார். 2012-இல் கப்ஸ் 101 ஆட்டங்கள் தோற்றார்கள். அந்தத் தோல்விக்குக் கூலியாக மறுவருஷம் இரண்டாவதாகத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. அதில் அவர்கள் எடுத்துக்கொண்ட பையனின் பெயர் கிரிஸ் பிரயண்ட். செலவுப் பக்கத்தில் எழுதிய 101 தோல்விகளும் வரவுப் பக்கத்துக்கு இப்படித்தான் மெல்ல மெல்ல நகர்ந்தன. 2016-இல் அதே குழு 103 ஆட்டங்கள் ஜெயித்து, 71 வருஷங்களுக்குப் பிறகு உலகத் தொடருக்குள் காலடி வைத்தது.

எதிரே நின்றவர்கள் கிளீவ்லந்து நகரத்தார். அவர்களும் 1948-லிருந்து காத்திருந்தவர்கள். பசித்தவன் தட்டிலிருந்துதான் பசித்தவன் பிடுங்க வேண்டும் என்று விதி நினைத்தது போலும். தொடர் நடந்துகொண்டிருந்தபோது ரிக்லி மைதானத்தின் வெளிச்சுவரில் யாரோ சாக்குக்கட்டியால் ஒரு பெயரை எழுதினார்கள். அதன் பக்கத்தில் இன்னொருவர் இன்னொரு பெயரை எழுதினார். சில நாட்களுக்குள் கை எட்டும் உயரம் வரையில் சுவரில் இடமில்லாமல் போயிற்று. ஏணி கொண்டு வந்தவர்கள் உண்டு. குழந்தையைத் தோளில் ஏற்றி எழுதச் சொன்னவர்கள் உண்டு. எழுதியவை பெரும்பாலும் இறந்துபோனவர்களின் பெயர்கள்: தகப்பனார், அத்தை, பாட்டனார், தொழிற்சாலையில் கூட வேலை செய்த நண்பர். ஒரு மகன் நெடுந்தூரம் காரோட்டிக்கொண்டு போய், தகப்பனாரின் கல்லறைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, இருட்டில் கடைசி ஆட்டத்தின் வர்ணனையைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்ற செய்தியும் அப்போது வெளியாயிற்று. கப்ஸ் ஜெயிக்கும் வருஷத்தில் சேர்ந்திருந்து கேட்போம் என்று இருவரும் எப்போதோ பேசி வைத்துக்கொண்டிருந்தார்களாம். எர்னி பேங்க்ஸும் அப்போது இல்லை; 2015 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்.

2016 நவம்பர் 2-ஆம் தேதி இரவு, ஏழாவது ஆட்டம். கப்ஸ் முன்னால் போனார்கள். எட்டாவது இன்னிங்ஸில் ராஜாய் டேவிஸ் என்ற கிளீவ்லந்து வீரர் அடித்த ஹோம் ரன்னால் 6-6 என்று சமமாயிற்று. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்ததும், ஆகாயமும் நிதானித்துக்கொள்ள விரும்பியது போல, மழை வந்து 17 நிமிஷம் ஆட்டம் நின்றது. பத்தாவது இன்னிங்ஸில் கப்ஸ் இரண்டு ரன் சேர்க்க, கிளீவ்லந்து ஒன்றைத் திருப்பிக் கொடுக்க, 8-7 என்ற நிலையில் கடைசிப் பந்து மெதுவாக உருண்டு மூன்றாம் பேஸ் பக்கம் வந்தது. அங்கே நின்றவர் கிரிஸ் பிரயண்ட். ஈரப் புல்லில் கால் வழுக்கியது. ஆனால் பந்து கையில் அகப்படுவதற்கு முன்பே அவர் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அவர் எறிந்த பந்து முதல் பேஸில் இருந்த ரிஸோவின் கையுறைக்குள் விழுந்தது. 108 வருஷங்களாகக் காலியாகக் கிடந்த ஒரு கட்டத்தில், எத்தனையோ பேர் நடுங்கும் கையால் 5-3 என்று எழுதினார்கள்.

அப்புறம் என்ன? மகுடத்தோடு கதை முடிந்துவிடும் என்று நினைப்பது கதை எழுதுகிறவர்களின் வழக்கம். பருவங்களுக்கு அந்த வழக்கம் கிடையாது. சுவரில் எழுதிய பெயர்கள் மறைந்தன. 2017 ஏப்ரலில் ரிக்லி மைதானத்தில் வெற்றிக் கொடியை ஏற்றியபோது, பின்னால் சுவரில் படர்ந்திருந்த கொடி எப்போதும் போல் இலையில்லாமல்தான் இருந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பே பத்திரிகையில் வழக்கமான அட்டவணை வெளியாகிவிட்டது: கப்ஸ், வெற்றி பூஜ்யம், தோல்வி பூஜ்யம். நூறு வருஷத்துக்கு மேலாக அவர்களுடைய கடனைப் பிரதி வசந்தத்திலும் தள்ளுபடி செய்து வந்த அதே வட்டம், இப்போது அவர்களுடைய செல்வத்தையும் ஒரு வார்த்தை சொல்லாமல் அழித்துவிட்டது. பட்சபாதம் இல்லாத ஒன்றை வணங்குவதில் தவறில்லை. பூஜ்யம் என்ற பெயர் அதற்குச் சும்மா வரவில்லை.

அந்த இரவின் 5-3 சிகாகோ ஏடுகளில் மாத்திரம் ஏறவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கிளீவ்லந்து ரசிகர்களின் தாள்களிலும் கடைசிக் கட்டத்தில் அதே இரண்டு எண்கள்தான். சிகாகோக்காரர் அந்தத் தாளுக்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார். கிளீவ்லந்துக்காரர் அதை மற்றத் தாள்களோடு சேர்த்துக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டு, ஐந்து மாதம் கழித்து, பனி உருகத் தொடங்கிய ஒரு மத்தியானத்தில், அதே பென்சிலை மறுபடியும் சீவியிருப்பார்.